ஐம்பதாயிரமாவது கிலோமீட்டர்

ஹூக்ளி நதியில் கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவைகளைப் பராமரிப்பதற்கென்று மத்திய அரசு வைத்திருந்த நிறுவனம் கிழக்கு மிதவைக் கழகம். மிதவை என்பது போட்ட இடத்தை விட்டு நகராமல் இருக்க வேண்டும். நாளடைவில் கழகமும் அதையே தன் நிர்வாகக் கொள்கையாக எடுத்துக்கொண்டிருந்தது. தலைமை அலுவலகம் நியூ டவுனில் பதினோராவது மாடியில் இருந்தது. ஊழியர் குடியிருப்பு லேக் கார்டன்ஸ் பக்கம். அங்கே நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஒரு மருந்தகம், ஒரு ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸை ஓட்டியவர் மருதமுத்து.

வந்தவாசிப் பக்கத்துக்காரர். சென்னைக் கிளையை மூடியபோது மனைவி அன்னக்கிளியோடு கல்கத்தாவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. வங்க மொழியில் சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தார். ஆனால் யாரோடும் சண்டை போட்டதில்லை. மேலே இருந்து ஒரு காகிதம் வந்தால் இரண்டு கையாலும் வாங்குகிற மனிதர்.

கழகத்திடம் முப்பத்தொரு வண்டிகள் இருந்தன. அவற்றில் ஐம்பதாயிரம் கிலோமீட்டரை நெருங்கியது இந்த ஆம்புலன்ஸ் ஒன்றுதான். மற்றவை அனுமதிக்குக் காத்து நின்று நின்றே ஆயுளை முடித்துக்கொண்டவை. ஐம்பதாயிரத்தில் வண்டிக்குச் செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றுமில்லை. ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், பெல்ட் மாற்ற வேண்டும். தெருமுனை மெக்கானிக் காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் கையைக் கழுவிவிடுவார். ஆனால் விதி இருபத்து மூன்று, கழகத்தின் வண்டிகளை சாந்த்ராகாச்சியில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் மட்டுமே சர்வீஸ் செய்யலாம் என்றது. அந்தச் சர்வீஸ் சான்றிதழ் இல்லாமல் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது என்றும் அதே விதி சொன்னது.

மருதமுத்து முன்கூட்டியே எழுதினார். மீட்டர் நாற்பத்தொன்பதாயிரத்து இருநூறு காட்டியபோது முதல் கடிதம் போனது. நீல மையில் எழுதியிருந்ததால் திரும்பி வந்தது. ஐந்நூறில் இரண்டாவது கடிதம். வண்டி இவ்வளவு தூரம் ஓடியதற்கான காரணத்தைத் தெரிவிக்கும்படி பதில் வந்தது. 'நோயாளிகள்' என்று எழுதி அனுப்பினார். வருங்காலத்தில் இதைத் தவிர்க்க முடியுமா என்று கேட்டு மறுபடி ஒரு கடிதம் வந்தது. எண்ணூறில் மூன்றாவது கடிதம் போட்டார். அதற்குப் பதில் வரும் முன், செப்டம்பர் மூன்றாம் வாரம் திங்கட்கிழமை காலை, மீட்டர் நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதில் வந்து நின்றது.

மீதம் பதினொரு கிலோமீட்டர். சாந்த்ராகாச்சி பதினாறு கிலோமீட்டர்.

அவர் போக்குவரத்துப் பிரிவின் துணை மேலாளர் பட்டாபியிடம் போய்ச் சொன்னார். குடியிருப்பின் வாசலிலேயே பட்டாபிக்கு ஓர் அலுவலகம். நாற்பத்தாறு வயது, கும்பகோணத்துக்காரர், பதவி உயர்வுக்கு எட்டு வருஷமாக வரிசையில் நிற்பவர். அவர் விஷயத்தைக் கேட்டுப் பதறவில்லை. மூன்று பேர் கொண்ட ஒரு குழு போட்டார். வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகலாம் என்றால் அதற்கு டெண்டர் விட வேண்டும். பணிமனை ஆளை இங்கே வரவழைக்கலாம் என்றால் பணிமனை என்பது ஆளா இடமா என்று விதியில் தெளிவில்லை. குழு இந்த இரண்டையும் பதிவு செய்துவிட்டுக் கலைந்தது.

பிரச்சினை நியூ டவுனுக்குப் போனது. அங்கே யாருக்கோ அது வேறு மாதிரிக் கண்ணில் பட்டது. கழகத்தின் வரலாற்றில் ஒரு வண்டி ஐம்பதாயிரம் கிலோமீட்டரைத் தொடப்போகிறது. இதை ஏன் கொண்டாடக் கூடாது? புதன்கிழமை விஸ்வகர்மா பூஜை. ஊரெல்லாம் வண்டிக்கும் இயந்திரத்துக்கும் மாலை போடுகிற நாள். நிர்வாக இயக்குநர் கிரிதர் நேரில் வருவார். மீதமுள்ள பதினொரு கிலோமீட்டரையும் அன்றைக்கு அவர் முன்னிலையில் ஓட்டி, மேடைக்கு எதிரே எண் மாறுகிறபோது கைதட்டி, பணிமனைக்குப் போவதற்கான விதிவிலக்கையும் அதே மேடையில் வழங்கிவிடலாம் என்று முடிவானது.

அதுவரை வண்டி அசையக் கூடாது. குடியிருப்பு மைதானத்தில் பந்தல்காரர்கள் மூங்கில் நட்டு, வெள்ளையும் சிவப்புமாகத் துணி கட்டி, ஆம்புலன்ஸைக் கீழே நிறுத்தினார்கள். சாவி பட்டாபியின் மேசை டிராயருக்குள் போய், டிராயர் பூட்டப்பட்டது. காவலாளி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, எண் மாறவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“இதுக்குள்ள யாருக்காச்சும் முடியாமப் போச்சுன்னா என்ன சார் பண்றது?” என்று மருதமுத்து கேட்டார்.

பட்டாபி அதற்கும் தயாராக இருந்தார். கடந்த மூன்று வருஷத்துப் பயணப் பதிவை எடுத்து வைத்திருந்தார். “சராசரி பாத்தேன். ஒன்பது நாளைக்கு ஒரு எமர்ஜென்சி. போன வெள்ளிக்கிழமைதான் ஒண்ணு போயிண்டு வந்தது. அடுத்தது ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி வர வாய்ப்பில்ல. நீங்க ஏன் கவலைப்படறேள்?”

மருதமுத்து இதை வெளியே வந்து நிமாயிடம் சொன்னார். நிமாய் ஹல்தார் மருந்தகத்தின் கம்பவுண்டர். ஐந்து வயது இளையவர். பதினோரு வருஷமாக இரண்டு பேரும் அந்த வண்டியில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போனவர்கள். மருதமுத்துவை அவர் 'மருதா' என்று கூப்பிடுவார். மருவோடு, வங்க மொழியில் அண்ணனைக் குறிக்கும் 'தா'வையும் சேர்த்தது. ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து அவர் கண்ணாடியைத் தட்டுகிற தட்டிலேயே, வேகமாகப் போக வேண்டுமா மெதுவாகவா என்பது மருதமுத்துவுக்குத் தெரிந்துவிடும். நிமாய் சராசரிக் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். குடியிருப்புக்காரர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டால் அவர்களும் ஒத்துழைப்பார்கள் என்றார். மறுநாள் உண்மையிலேயே ஒரு சுற்றறிக்கை வந்தது. புதன்கிழமை வரை எண்ணெய்ப் பண்டங்களையும் மாடிப்படி ஏறுவதையும் குறைத்துக்கொள்ளுமாறு அது கேட்டுக்கொண்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமையே, காலை பதினொன்றேகால் மணிக்கு, நிமாய் மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணுவதை நிறுத்தினார். மருதமுத்து எதிரே பெஞ்சில் இருந்தார். நிமாயின் சட்டை முதுகோடு ஒட்டும்படி வியர்த்திருந்தது. இடது தாடையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மிகவும் சாதாரணமான குரலில், வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல, வங்க மொழியில் சொன்னார்:

“மருதா, இது அதுதான்.”

ஓர் ஆஸ்பிரினை வாயில் போட்டு மென்றார். மருதமுத்து பட்டாபியின் அறைக்கு ஓடினார்.

பட்டாபி கெட்ட மனிதர் இல்லை. கேட்டதும் எழுந்து நின்றார். முகம் வெளிறிவிட்டது. கை டிராயர் வரை போனது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டது. வண்டி இப்போது சாதாரண வண்டி அல்ல, விழாவுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதை எடுக்க வேண்டுமானால் படிவம் பதினேழு வேண்டும் என்று நினைவு வந்தது. அவசரப் பயண வேண்டுகோள். நோயாளியின் பெயர், நோயின் தன்மை, பணியில் இருக்கும் கம்பவுண்டரின் சான்று.

மருதமுத்து படிவத்தை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடினார். நிமாய் பெஞ்சில் படுத்திருந்தார். படிவத்தைப் பார்த்துவிட்டு, தன்னைத் தூக்கி உட்கார வைக்கச் சொன்னார். பேனாவைப் பிடித்து, நோயாளியின் பெயர் என்ற இடத்தில் நிமாய் ஹல்தார் என்று எழுதினார். நோயின் தன்மை என்ற இடத்தில் மாரடைப்பு என்று எழுதினார். கீழே சான்றளிப்பவர் என்ற இடத்திலும் நிமாய் ஹல்தார் என்று கையெழுத்துப் போட்டு, ரப்பர் முத்திரையையும் தேடிக் குத்தினார். முத்திரை சற்றுச் சாய்ந்துவிட்டது. அதற்காக முகத்தைச் சுளித்தார்.

படிவம் பட்டாபியிடம் திரும்பி வந்தபோது பதினைந்து நிமிஷம் கடந்திருந்தது. பட்டாபி வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

“மருதமுத்து, நோயாளியும் சான்று குடுக்கறவரும் ஒரே ஆளா இருக்கே. இது ஆடிட்ல நிக்காது.”

“அவரு ஒருத்தர்தான் சார் கம்பவுண்டரு.”

“அது எனக்குத் தெரியாதா? சரி, அதை விடுங்கோ. தூரத்தைப் பாருங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஆறு, திரும்பி வர ஆறு. மொத்தம் பன்னெண்டு. நம்மகிட்ட இருக்கறது பதினொண்ணு. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்கோ.”

“போறதுக்கு மட்டும் ஆறு போதும் சார். வர்றத அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்புறம் வண்டி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும். மேடை இங்க இருக்கு. டைரக்டர் நாளைக்கு எதைப் பாத்துக் கைதட்டுவார்?” சொல்லிவிட்டு அவருக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் என்ன மனுஷன் இல்லையா? நானே என் ஃபோன்ல வண்டி புக் பண்றேன்.”

அவர் புக் பண்ணவும் செய்தார். முதல் டிரைவர் இடத்தைக் கேட்டுவிட்டு ரத்து செய்தார். இரண்டாவது வண்டி பதினொரு நிமிஷத்தில் வரும் என்று திரையில் ஒரு சின்னக் கார் அசைந்துகொண்டிருந்தது. மருதமுத்து டிராயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டாபி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கார் வந்ததும் நிமாயைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். மருதமுத்து பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தொடையில் வைத்துக்கொண்டார். பந்தலுக்குக் கீழே செவ்வந்தி மாலையோடு நின்ற ஆம்புலன்ஸைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டியிருந்தது. அதற்குள் நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. தெருவில் பூஜைக்குப் பந்தல் போடுவதற்காகப் பாதி ரோட்டை மூங்கிலால் அடைத்திருந்தார்கள். இந்தக் கார் டிரைவர் இளைஞர், முடிந்தவரை ஹார்ன் அடித்தார். ஆனால் அது எல்லோரும் அடிக்கிற ஹார்ன். யாரும் ஒதுங்கவில்லை. நான்காவது கிலோமீட்டரில் நிமாயின் விரல்கள் கார்க் கதவின் கண்ணாடியை இரண்டு முறை தட்டின. அந்தத் தட்டுக்கு வேகமாகப் போ என்று பொருள். ஸ்டீயரிங் மருதமுத்துவின் கையில் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போதே அங்கிருந்த டாக்டர் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

கழகம் துக்கத்தில் ஆழ்ந்தது. ஆனால் அழைப்பிதழ்கள் போய்விட்டன, மேடை போட்டாகிவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் நியூ டவுனிலிருந்து ஒரு யோசனை வந்தது. விழாவை ரத்து செய்ய வேண்டாம். அதை மறைந்த ஊழியருக்கான அஞ்சலியாக மாற்றலாம். ஐம்பதாயிரமாவது கிலோமீட்டரை நிமாய் ஹல்தாரின் உடலோடு கடக்கலாம். ஆம்புலன்ஸில் சடலம் ஏற்றக் கூடாது என்று விதி பத்தொன்பது சொன்னது. அந்த விதியைத் தளர்த்தும் உத்தரவு நாற்பது நிமிஷத்தில் கையெழுத்தாகி வந்தது.

கேவடாதலா சுடுகாடு குடியிருப்பிலிருந்து மூன்றே கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டரில் எண் மாறாது. அதனால் ஊர்வலம் முதலில் பக்கத்திலுள்ள ஏரியை மூன்று முறை சுற்றி வந்து, மேடைக்கு எதிரே ஐம்பதாயிரத்தைத் தொட்டு, அதன் பிறகு சுடுகாட்டுக்குப் போவது என்று ஒரு வரைபடம் தயாரானது. பட்டாபி அதை மருதமுத்துவிடம் கொடுத்தபோது அவர் கண்ணைப் பார்க்கவில்லை. மருதமுத்து அதையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“நீ எதுக்கு இதுக்கு ஒத்துக்கிட்ட?” என்று அன்னக்கிளி வீட்டில் கேட்டாள். தான் ஓட்டாவிட்டால் வேறு யாராவது ஓட்டுவார்கள், நிமாயை வேறு ஆள் கையில் விட மனசு வரவில்லை என்றார் அவர். அது உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அதை மட்டும் அல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

புதன்கிழமை காலை வானமெல்லாம் பட்டம். அடுத்தவர் பட்டத்தை அறுத்துவிட்டவர்கள் மொட்டை மாடிகளிலிருந்து 'போகாட்டா' என்று போடும் கூச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. மேடையில் விஸ்வகர்மா ஒரு பக்கம், நிமாயின் போட்டோ ஒரு பக்கம். இரண்டுக்கும் ஒரே அளவில் மாலை. கீழே ஆம்புலன்ஸின் பின்பகுதியில், ஆஸ்பத்திரியிலிருந்து வாடகை வண்டியில் கொண்டுவந்து ஏற்றிய நிமாய், வெள்ளைத் துணியில். அவர் மகள் சஹானா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், மருதமுத்துவைச் சித்தப்பா முறையில் 'காக்கு' என்று கூப்பிடுகிறவள். தாய் ஏற்கெனவே இல்லை. சித்தப்பாக்கள் சுடுகாட்டில் காத்திருந்தார்கள். மருதமுத்து ஓட்டுநர் இருக்கையில் கைகளை ஸ்டீயரிங்மேல் வைத்தபடி, ஒலிபெருக்கியில் கிரிதர் பேசியதைக் கேட்டார்.

நிர்வாக இயக்குநர் தமிழரல்ல. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறிப் பேசினார். குரல் தழுதழுத்தது. நிமாய் ஹல்தார் தன் இறுதி நேரத்தில் தன் உயிரைப் பற்றி நினைத்திருக்கலாம், ஆனால் அவர் படிவம் பதினேழைப் பற்றி நினைத்தார் என்றார். நெஞ்சு வலிக்கிறபோதும் முத்திரை குத்த மறக்காத ஊழியர்களால்தான் இந்தக் கழகம் நிற்கிறது என்றார். முத்திரை சற்றுச் சாய்ந்திருப்பதைக் கழகம் பெருந்தன்மையோடு கண்டுகொள்ளவில்லை என்றும் சொன்னார். பிறகு காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, மனதிலிருந்து பேசினார்.

“சிலர் கேட்கிறார்கள், ஆம்புலன்ஸ் எங்கே போனது என்று. நான் பெருமையோடு சொல்கிறேன். எங்கேயும் போகவில்லை. அவர் இறந்த அந்த நேரத்தில் எங்கள் ஆம்புலன்ஸ் இதே இடத்தில், டீசல் நிரம்பி, ஆக்சிஜன் நிரம்பி, துடைத்து வைத்து, முழுத் தயார் நிலையில் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கையெழுத்து அதற்குச் சாட்சி. இந்த நாட்டில் எத்தனை நிறுவனங்களால் இப்படிச் சொல்ல முடியும்?”

கைதட்டினார்கள். பட்டாபி கொடியை அசைத்தார். ஆம்புலன்ஸ் புறப்பட்டது. பின்னால் இரண்டு கார்களில் போட்டோக்காரரும் அதிகாரிகளும் வந்தார்கள்.

ஏரி வந்ததும் வரைபடத்தில் போட்டிருந்தபடி மருதமுத்து வலது பக்கம் சிக்னல் போட்டார். பின்னாலிருந்த சின்ன ஜன்னல் வழியாக சஹானா கேட்டாள்.

“சுடுகாடு அந்தப் பக்கம்தானே, மரு காக்கு?”

அவளுக்கு யாரும் சுற்றுவதைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. மருதமுத்து கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். அழுது முடித்த முகம். தெரியாததைக் கேட்கிற கேள்வி, அவ்வளவுதான்.

“ஆமாம்மா, அந்தப் பக்கம்தான்” என்றார். சிக்னலை அணைத்தார். ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினார்.

பின்னால் வந்த கார்கள் ஹார்ன் அடித்தன. பட்டாபியின் அழைப்பு ஃபோனில் வந்து வந்து நின்றது. மருதமுத்து சைரனைப் போட்டார். சடலத்துக்குச் சைரன் போடக் கூடாது; அவருக்குத் தெரியும். பந்தல் மூங்கில்களுக்கு நடுவே ஆட்டோக்களும் பஸ்களும் ஒதுங்கி வழிவிட்டன. நேற்று விடாத அதே ரோடு. பத்து நிமிஷத்தில் சுடுகாட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, நிமாயின் தலைப்பக்கம் அவரே தோள் கொடுத்தார். மீட்டர் நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு காட்டியது. மேடையில் இருந்தவர்கள் வெயில் ஏறும்வரை எண் மாறக் காத்திருந்தார்கள் என்று பிற்பாடு அன்னக்கிளி சொன்னாள்.

துர்கா பூஜை விடுமுறை முடிந்ததும் விசாரணை நடந்தது. நியூ டவுனில், பதினோராவது மாடியில், ஏசி குளிரில். கிரிதர் நடுவில், பட்டாபி ஓரத்தில். குற்றச்சாட்டு இரண்டு பக்கம் இருந்தது: அங்கீகரித்த பாதையை விட்டு விலகியது, எட்டு கிலோமீட்டரை வேண்டுமென்றே ஓட்டாமல் விட்டு, கழகத்தை ஒரு மைல்கல்லை எட்டவிடாமல் தடுத்தது. பட்டாபி அதைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு, சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார்.

“இருக்கு சார்” என்றார் மருதமுத்து. எழுந்து நின்றார். “அந்த எட்டு கிலோமீட்டர விடுங்க. அதுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்கு ஆறு கிலோமீட்டர் இருந்திச்சு. அதையும் நான் ஓட்டல. தண்டன குடுக்கறதுன்னா அதுக்குக் குடுங்க.”

பட்டாபி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கிரிதர் புரியாமல் பட்டாபியைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், மறுபடி மருதமுத்துவைப் பார்த்தார். அந்த விஷயத்தில் உங்கள்மேல் எந்தத் தவறும் இல்லையே என்று ஆறுதலாகச் சொன்னார். படிவம் கேட்டார்கள், கொண்டுவந்தீர்கள். ஏற்கவில்லை என்றார்கள், ஏற்றுக்கொண்டீர்கள். இதைவிட ஓர் ஊழியர் என்ன செய்ய முடியும்?

பத்து நாளில் இரண்டு கடிதங்கள் ஒரே தபாலில் வந்தன. ஓட்டாத எட்டு கிலோமீட்டருக்காக மருதமுத்துவை ஹால்டியாவில் உள்ள மிதவைக் கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே ஓட்டுவதற்கு வண்டி கிடையாது. ஓட்டாத ஆறு கிலோமீட்டருக்காக, மிகுந்த மன அழுத்தத்திலும் விதிகளைக் கடைப்பிடித்ததைப் பாராட்டி ஒரு சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டே அனுப்பியிருந்தார்கள்.

ஆம்புலன்ஸுக்கும் ஒரு வழி பிறந்திருந்தது. டெண்டர் முடிந்து, சுடுகாட்டு வாசலிலிருந்து டிரெய்லரில் ஏற்றி சாந்த்ராகாச்சிக்குக் கொண்டுபோனார்கள். ஐம்பதாயிரம் பூர்த்தியான வண்டிக்குத்தான் ஐம்பதாயிரத்துச் சர்வீஸ் செய்ய முடியும் என்று பணிமனை சொல்லிவிட்டது. எட்டு கிலோமீட்டர் குறைவாக, அது அங்கே வெயிலில் நிற்பதாகக் கேள்வி.

ஹால்டியாவுக்குக் கிளம்பும் முன் மருதமுத்து சஹானாவைப் பார்க்கப் போனார். அன்னக்கிளி கூட வருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்றுவிட்டார். சஹானா கதவைத் திறந்ததும், வாசலில் நின்றபடியே, வழியெல்லாம் கோத்து வைத்திருந்ததை வங்க மொழியில் சொல்லி முடித்தார். சாவி ஒரு மேசை டிராயரில் இருந்தது. டிராயர் பூட்டியிருந்தது. அதை உடைத்திருக்கலாம். நான் உடைக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

சஹானா கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“பூட்டு பெரிசா, காக்கு?”

“இல்லம்மா” என்றார் மருதமுத்து. “சின்னது.”

அவள் கதவைச் சாத்தவில்லை. உள்ளே வரச் சொல்லவும் இல்லை.